காற்புள்ளி காக்கும் கணக்கு

"சிறு துரும்பும் பல்குத்த உதவும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. எழுத்துலகில் அந்தத் துரும்புக்கு ஒப்பானது காற்புள்ளி. கட்டுரை ஏட்டில் அதை இட மறந்தால் தமிழாசிரியை சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவார். மற்றபடி அதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. ஆனால் உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று கணக்குகளைக் கொடுத்து வாங்கும்போது, இடையே நின்று தூது செல்வது பெரும்பாலும் இந்தக் காற்புள்ளிதான்.

விரிதாளில் எழுதிய கணக்கைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக மாற்றுவதே இக்கட்டுரையின் பொருள். "இது அலுவலக எழுத்தர் வேலை ஆயிற்றே! பள்ளி மலரில் இதற்கு என்ன இடம்?" என்று சிலர் கேட்கலாம். ஒரு மாணவியின் பெயர், அவள் பிறந்த தேதி, அவள் பெற்ற மதிப்பெண், அவளுக்கு உதவித்தொகை வரவேண்டிய வங்கிக் கணக்கின் எண் ஆகிய அனைத்தும் இன்று விரிதாள்களில்தான் வாழ்கின்றன. அவை ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் சிதைந்துபோனால், இழப்பு எழுத்தருக்கு அன்று, அந்த மாணவிக்கே. ஆகவே இக்கலையை ஒவ்வொரு மாணவியும் கற்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் தன் பதிவேடுகளை இந்த எளிய வடிவிலும் சேமித்து வைக்க வேண்டும். இதுவே என் கருத்து.

விரிதாள் வந்த வழி

பெரிய தாளில் குறுக்கு வரிகளும் நெடு வரிகளும் கோடிட்டு, கட்டத்துக்கு ஓர் எண் எழுதிக் கூட்டிப் பார்ப்பது கணக்கர்களின் பழைய வழக்கம். நடுவில் ஓர் எண் மாறினால், அதனைச் சார்ந்த கூட்டுத்தொகைகளை எல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின் என்பவர், இந்த வேலையைக் கணிப்பொறியே செய்தால் என்ன என்று எண்ணினார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்' என்னும் மென்பொருள் 1979இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென வெளிவந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த மற்றக் கட்டங்கள் தாமே மாறின. இதற்காகவே கணிப்பொறி வாங்கிய வணிகர்கள் பலர்.

அடுத்து 1982இல் மைக்ரோசாஃப்டின் 'மல்டிபிளான்', 1983இல் ஐ.பி.எம். கணிப்பொறிக்கென 'லோட்டஸ் 1-2-3', 1985இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென 'எக்ஸெல்' என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எக்ஸெல் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. ஒவ்வொன்றும் தன் கோப்பைத் தனக்கே உரிய முறையில் எழுதி வைத்தது. ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டைத் திறப்பதில்லை. அதுபோல ஒரு மென்பொருள் எழுதியதை மற்றொன்று படிப்பது அரிதாக இருந்தது.

ஒரு காலத்தில் அலுவலகங்களை ஆண்ட லோட்டஸின் பிற்காலம் என்ன ஆயிற்று? எக்ஸெல் தன் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் லோட்டஸ் கோப்புகளைத் திறப்பதை விட்டுவிட்டது. லோட்டஸை விற்றுவந்த ஐ.பி.எம். நிறுவனம் 2013இல் அதன் விற்பனையையும், 2014இல் அதற்கான ஆதரவையும் நிறுத்தியது. அந்தக் கோப்புகளிலே கணக்கெழுதி அப்படியே விட்டவர்கள், இன்று அவற்றைத் திறப்பதற்கென வேறு மென்பொருளைத் தேட வேண்டியிருக்கிறது. எழுதியது அழியவில்லை, படிக்கும் வழிதான் அடைபட்டது. எக்ஸெலும் அதே 2007இல் தன் கோப்பின் உள்ளமைப்பை அடியோடு மாற்றிக்கொண்டது. இன்றைய எக்ஸெல் கோப்பு என்பது பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. மூட்டையை அவிழ்க்கத் தெரிந்த மென்பொருள் இருந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

மென்பொருள் வரும், போகும். மாணவியின் பெயர் நிற்க வேண்டும். அதற்கு வழி என்ன?

காற்புள்ளிக் கோப்பு என்பது யாது?

வழி மிக எளியது. ஒரு மாணவியின் விவரங்களை ஒரே வரியில் எழுத வேண்டும். ஒரு விவரத்துக்கும் அடுத்த விவரத்துக்கும் இடையே காற்புள்ளி இட வேண்டும். அடுத்த மாணவிக்கு அடுத்த வரி. அவ்வளவே! எடுத்துக்காட்டாக:

சேர்க்கை எண்,பெயர்,வகுப்பு,மதிப்பெண்
0047,மேரி,9,82
0048,ராணி,9,76

இதற்குச் சி.எஸ்.வி. கோப்பு என்று பெயர். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மதிப்புகள் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அவை. விண்டோஸின் நோட்பேட் முதல், எழுத்துகளைக் காட்டும் எந்த மென்பொருளும் இதைத் திறக்கும். தாளில் அச்சிட்டால் மனிதரும் படிக்கலாம். விரிதாள் பிறப்பதற்கு முன்பே, 1972இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழிபெயர்ப்பி ஒன்று காற்புள்ளியால் பிரித்த எண்களை ஏற்றுக்கொண்டது. வழக்கத்தில் மட்டுமே வாழ்ந்த இம்முறையின் பொது விதிகளை யாகோவ் ஷஃப்ரனோவிச் என்பவர் எழுத்தில் வடித்தது 2005ஆம் ஆண்டு அக்டோபரில்தான்.

"விவரத்துக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் என்ன செய்வது?" என்று கூர்மையான மாணவி ஒருத்தி கேட்பாள். '12, தேரடித் தெரு' என்னும் முகவரியில் 12க்குப் பின் காற்புள்ளி இருக்கிறதே! அப்போது அந்த முகவரி முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் காற்புள்ளியைக் கணிப்பொறி அப்போது பிரிப்புக் குறியாகக் கொள்ளாது. விவரத்துக்குள் மேற்கோள் குறியே வந்தால், அதை இருமுறை எழுத வேண்டும். இவற்றை மென்பொருள் தானே செய்துவிடும். ஆனாலும் காரணம் தெரிந்து செய்வதே கல்வி.

இவ்வளவு எளிமைக்கு ஒரு விலை உண்டு. கூட்டல், சராசரி முதலிய சூத்திரங்கள் இக்கோப்பில் தங்குவதில்லை. அவற்றின் விடைகள் மட்டுமே தங்கும். வண்ணங்கள், கோடுகள், தடித்த எழுத்துகள், படங்கள் யாவும் மறைந்துவிடும். எக்ஸெல் கோப்பு ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு ஒரு தாள், ஏழாம் வகுப்புக்கு ஒரு தாள் என்று பல தாள்கள் இருக்கலாம். காற்புள்ளிக் கோப்பில் ஒரு தாளுக்கு மட்டுமே இடம். எனவே ஐந்து தாள்கள் இருந்தால் ஐந்து கோப்புகளாக மாற்ற வேண்டும். இதை அறியாதவர்கள், கண்முன் திறந்திருந்த ஒரு தாளை மட்டும் மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிடுவர். எஞ்சிய நான்கு வகுப்புகளும் விடுபட்டது, மூலக் கோப்பை அழித்த பின்புதான் தெரியவரும்.

கணிப்பொறிக்கு ஒரு வழி

விண்டோஸ் கணிப்பொறியில் எக்ஸெல் வைத்திருப்பவர்கள் 'சேவ் ஆஸ்' என்னும் கட்டளையைத் தேர்ந்தால், கோப்பு வகைகளின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் சி.எஸ்.வி. என்று தொடங்குபவையே பல இருக்கும். மெக்கின்டாஷுக்கு ஒன்று, எம்.எஸ். டாஸுக்கு ஒன்று, வெறும் 'கமா டிலிமிட்டட்' ஒன்று, 'யூ.டி.எஃப்.-8' என்னும் சொல் சேர்ந்தது ஒன்று. தமிழ் எழுதுவோர் தேர வேண்டியது இந்தக் கடைசி வகையையே. அதற்கான காரணத்தைப் பின்னர்க் காண்போம். 2016ஆம் ஆண்டு வாக்கில்தான் இவ்வகை எக்ஸெலில் சேர்ந்தது.

ஆப்பிள் கணிப்பொறிகளில் 'நம்பர்ஸ்' என்னும் விரிதாள் உண்டு. அதில் 'எக்ஸ்போர்ட் டூ' என்பதன் கீழ் சி.எஸ்.வி. இருக்கும். அதில் ஒரே தாளில் பல அட்டவணைகளை வைக்கலாம் என்பதால், அட்டவணைக்கு ஒரு கோப்பாக ஆக்குவதா, எல்லாவற்றையும் சேர்ப்பதா என்று அது கேட்கும். தனித்தனியாக ஆக்குவதே நல்லது.

லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரும்பாலும் 'லிப்ரே ஆபீஸ்' இருக்கும். விலை கொடாமல் பெறக்கூடிய இம்மென்பொருள் விண்டோஸிலும் ஆப்பிளிலும்கூட இயங்கும். இதன் சிறப்பு, கேட்டுச் செய்வது. எந்த எழுத்து முறையில் எழுதட்டும், எந்தக் குறியால் பிரிக்கட்டும், எல்லாச் சொற்களையும் மேற்கோள் குறிக்குள் அடைக்கட்டுமா என்று வரிசையாகக் கேட்கும். "ஏன் இத்தனை கேள்வி?" என்று சலிப்பவர்கள் உண்டு. கேளாமல் செய்து கெடுப்பதைவிடக் கேட்டுச் செய்வது மேலன்றோ! நூறு கோப்புகளை மாற்ற வேண்டியிருந்தால், கட்டளைத் திரையில் ஒரே வரி எழுதி மொத்தமாக மாற்றவும் இதில் வழி உண்டு.

கூகுளின் இணைய விரிதாளில் 'டவுன்லோட்' என்பதன் கீழ் இந்த வகை இருக்கும். தமிழ் எழுத்துகள் அதில் கெடுவதில்லை. ஆனால் அங்கும் திறந்திருக்கும் தாள் மட்டுமே இறங்கும்.

இங்கே தட்டச்சுப் பொறியை நினைவுகூர்தல் தகும். வரி முடிந்ததும் அதில் இரண்டு வேலைகள் நடந்தன: உருளை வண்டி இடப்பக்கத் தொடக்கத்துக்குத் திரும்பியது, தாள் ஒரு வரி மேலேறியது. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இந்த இரண்டுக்கும் இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸும் இன்றைய ஆப்பிளும் தாளேற்றும் குறியை மட்டும் இடுகின்றன. பழைய மெக்கின்டாஷ் வண்டி திரும்பும் குறியை மட்டும் இட்டது. ஆகவேதான் லினக்ஸில் எழுதிய கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால், முந்நூறு மாணவிகளும் ஒரே வரியில் நெருக்கியடித்து நிற்கும் காட்சி முன்பு தோன்றும். 2018இல்தான் நோட்பேட் மற்றக் குறிகளையும் அறிந்துகொண்டது.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. ஜெர்மனியிலும் பிரான்சிலும் எழுபத்திரண்டரையை 72,5 என்று எழுதுவர். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் வைப்பது காற்புள்ளி. அங்குள்ள கணிப்பொறிகளில் எக்ஸெல் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரிக்கும். பாரிஸிலிருந்து வந்த கோப்பைச் சென்னையில் திறந்தால், விவரங்கள் யாவும் முதல் நெடு வரியிலேயே குவிந்து கிடக்கலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. பிரிக்கும் குறி இன்னது என்று திறக்கும்போது சொன்னால் போதும்.

மாற்றத்தில் மறைபவை

இனி நாம் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். மாற்றும்போது பிழை நேர்ந்தாலும், மணி அடிப்பதில்லை, விளக்கு எரிவதில்லை. அமைதியாக நேரும் இழப்பே அபாயமானது.

முதலாவது, தமிழ் எழுத்து. விண்டோஸ் பழைய நாளில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எழுத்து அட்டவணை வைத்திருந்தது. தமிழுக்கென்று அதில் ஓர் அட்டவணை அமையவே இல்லை. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எக்ஸெலில் வெறும் 'கமா டிலிமிட்டட்' வகையைத் தேர்ந்தால், அது பழைய அட்டவணையைப் பார்த்து எழுதும். அங்கே தமிழைக் காணாததால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிடும். 'மேரி' என்னும் பெயரில் ம, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என நான்கு குறியீடுகள். எனவே நான்கு கேள்விக்குறிகள். 'ராணி'யிலும் நான்கு குறியீடுகளே. அங்கும் நான்கு கேள்விக்குறிகள். ஆக, மேரியும் ராணியும் வேறுபாடின்றிப் போய்விட்டார்கள்! எந்த வித்தகராலும் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்க முடியாது. 'யூ.டி.எஃப்.-8' வகையைத் தேர வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுவே.

கேள்விக்குறிகளுக்குப் பதிலாகத் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் தோன்றினால் கலங்க வேண்டா. தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. திறந்த மென்பொருள் தவறான அட்டவணையைப் பார்த்துப் படிக்கிறது என்பதே அதன் பொருள். சேமிக்காமல் மூடிவிட்டு, எக்ஸெலின் 'டேட்டா' பகுதி வழியாக, யூ.டி.எஃப்.-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் பெயர்கள் மீண்டும் ஒளிரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை வேறு வகை. அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. தமிழ்த் தோற்றம் எழுத்துரு போட்ட வேடம். காற்புள்ளிக் கோப்பு எழுத்துருவைச் சுமப்பதில்லை என்பதால் வேடம் கலைந்துவிடும். அத்தகைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, முன்னால் நிற்கும் சுழியம். 0047 என்னும் சேர்க்கை எண் கோப்பில் சரியாகவே இருக்கும். அதை எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறந்தால், "இது ஓர் எண், முன்னால் சுழியம் எதற்கு?" என்று அது நீக்கிவிட்டு 47 என்று காட்டும். பார்த்தவர் பழக்கத்தின்படி சேமித்து மூடினால், சுழியம் போயே போய்விட்டது. வங்கிக் கணக்கு எண்கள் சுழியத்தில் தொடங்குவது உண்டு என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, நீண்ட எண்கள். ஆதார் எண்ணுக்கு 12 இலக்கங்கள். பொதுவான கட்டத்தில் அவ்வளவு நீண்ட எண்ணை இட்டால், எக்ஸெல் அதைச் சுருக்கி அறிவியல் முறையில் காட்டும். 123456789012 என்பது 1.23457 பெருக்கல் பத்தின் 11ஆம் அடுக்கு என்னும் பொருளில் சுருங்கி நிற்கும். காற்புள்ளிக் கோப்பாக்கும்போது, கட்டத்தில் என்ன தெரிகிறதோ அதைத்தான் எக்ஸெல் எழுதும். கடைசி ஆறு இலக்கங்கள் அதோடு மறைந்தன. 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணானால் நிலைமை இன்னும் மோசம். பதினாறாம் இலக்கம் முதற்கொண்டு, தட்டச்சு செய்த உடனேயே சுழியமாகிவிடும். இதற்குப் பரிகாரம் ஒன்றுதான்: கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்களை, எண்களாக அன்றி எழுத்துகளாக எழுதிவைப்பது. அந்த நெடு வரியை 'டெக்ஸ்ட்' வகையென்று முன்கூட்டியே குறித்துவிட்டால், சுழியமும் பிழைக்கும், நீண்ட எண்ணும் பிழைக்கும்.

நான்காவது, தேதி. 3-4 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. இது போதாதென்று, விரிதாள் தன்னுள்ளே தேதியை நாள் எண்ணிக்கையாக வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் எக்ஸெல் 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணியது. பழைய மெக்கின்டாஷ் எக்ஸெல் 1904லிருந்து எண்ணியது. இரண்டுக்கும் வேறுபாடு 1,462 நாட்கள். நாடு விடுதலை பெற்ற 15-8-1947, விண்டோஸ் கணக்கில் 17394. தேதியாகக் காட்டும்படி குறிக்காமல் இந்த எண்ணையே கோப்பில் எழுதி, 1904 கணக்கு வைத்திருக்கும் கணிப்பொறியில் படித்தால், நம் சுதந்திர தினம் 16-8-1951 ஆகிவிடும்! பிறந்த தேதியை 1947-08-15 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதி மாற்றினால் இந்தக் குழப்பங்கள் எழா.

இலட்சக் கணக்கில் எழுதும் நம் வழக்கமும் இடறும். 1,25,000 என்று காற்புள்ளியோடு காட்டும்படி அமைத்த தொகை, கோப்பில் மேற்கோள் குறிக்குள் சொல்லைப் போல எழுதப்படும். படிக்கும் மென்பொருள் அதைக் கூட்டாமல் விட்டுவிடலாம். மாற்றுவதற்கு முன் காற்புள்ளி அலங்காரத்தை நீக்கி, 125000 என்று காட்டச் செய்வதே முறை.

உலகம் கற்ற இரு பாடங்கள்

இவையெல்லாம் அற்பப் பிழைகள் என்று எண்ணுவோர், 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்ததைக் கேட்க வேண்டும். கொரோனாப் பெருந்தொற்று பரவிய காலம் அது. சோதனைக் கூடங்கள் தம் முடிவுகளைக் காற்புள்ளிக் கோப்புகளாக அனுப்பின. நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்ஸெலின் பழைய வகைக் கோப்பில் ஏற்றியது. பழைய வகையில் ஒரு தாளுக்கு 65,536 குறுக்கு வரிகளே உண்டு. ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டதால், கோப்பு விரைவில் நிரம்பியது. மிஞ்சிய வரிகள் சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் நாட்கணக்கில் சேராமல் போனார்கள். நோய் கண்டவர்களுக்குத் தம் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. தொற்றுநோயில் ஒரு நாள் தாமதம் என்றால் என்னவென்று அக்காலத்தை வாழ்ந்து கடந்த நம் எல்லோருக்கும் தெரியும். வந்த வரிகள் எத்தனை, ஏறிய வரிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டாம் பாடம் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. மனித மரபணுக்களுக்கு விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர்கள் இட்டிருந்தனர். சில பெயர்கள் ஆங்கில மாதங்களின் பெயரையும் ஓர் எண்ணையும் ஒத்திருந்தன. விரிதாளில் திறந்தவுடன் 'செப்ட் 2' என்னும் மரபணு செப்டம்பர் 2ஆம் தேதியாகவும், 'மார்ச் 1' என்னும் மரபணு மார்ச் முதல் தேதியாகவும் மாறின. 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, மரபணுப் பட்டியல்களை எக்ஸெலில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதாகக் கண்டது. முடிவில், 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது! இத்தகைய தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் எக்ஸெலில் சேர்த்தது. படித்த மேதைகளும் இடறிய இடம் இது என்பதை நினைவில் கொண்டால், நாம் கவனமாக இருப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மறுப்புக்கு விடை

"எக்ஸெல்தான் எங்கும் இருக்கிறதே, வேறு வடிவம் எதற்கு?" என்று ஒரு கேள்வி எழலாம். எங்கும் இல்லை என்பதே உண்மை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரு வீட்டில் லினக்ஸ், ஒரு வீட்டில் பழைய விண்டோஸ், இன்னொரு வீட்டில் கைப்பேசி மட்டுமே. எல்லோரும் ஒரே விலையுயர்ந்த மென்பொருளை வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்துவதாகும். காற்புள்ளிக் கோப்பு யாரிடமும் விலை கேட்பதில்லை.

"இத்தனை இடர்கள் இருக்கும்போது மாற்றாமலே இருந்துவிடலாமே!" என்பது மற்றொரு கேள்வி. முறையாக எழுதிய காற்புள்ளிக் கோப்பு தானாகக் கெடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன இழப்புகள் எல்லாம், பாராமல் எழுதியதாலும் பாராமல் திறந்ததாலும் நேர்ந்தவை. சமையலில் கை சுட்டுவிடும் என்று அடுப்பை மூட்டாதிருப்பார் உண்டோ? பழகிக் கொள்வதே வழி.

ஆனால் ஓர் எச்சரிக்கையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். எவரும் படிக்கலாம் என்பதே இக்கோப்பின் பலம். அதுவே அதன் பலவீனமும் ஆகும். எக்ஸெல் கோப்புக்குக் கடவுச்சொல் இட்டுப் பூட்டலாம். காற்புள்ளிக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. மாணவிகளின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியலைக் கைப்பேசிக் குழுக்களில் அனுப்புவது அறவே கூடாது. பள்ளிப் பதிவேட்டைப் பூட்டிய அலமாரியில் வைப்பதுபோல, இக்கோப்பை வைத்திருக்கும் கருவியைப் பூட்டி வைக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

2019இல் வெளிவந்த தமிழகப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தான் மொழியின் வழியே சி.எஸ்.வி. கோப்புகளைக் கையாளுவது ஒரு தனிப் பாடமாக இடம்பெற்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அப்பிரிவை எடுக்கும் மாணவிகள் சிலரே. வரலாறு படிப்பவளும், வணிகவியல் படிப்பவளும், செவிலியர் பயிற்சிக்குச் செல்பவளும் நாளை கணிப்பொறியின் முன் அமரத்தான் போகிறார்கள். எனவே எட்டாம் வகுப்பிலேயே, விரிதாளுக்கு வண்ணம் தீட்டக் கற்பிக்கும் முன், அதைக் காற்புள்ளிக் கோப்பாக்கி நோட்பேடில் திறந்து பார்க்கக் கற்பிக்கலாம். ஒரு வகுப்பு நேரமே போதும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுத் தேர்வு முடிந்து பதிவேடுகளை மூடும்போது, ஒவ்வொரு தாளையும் தனித்தனிக் காற்புள்ளிக் கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தலாம். மூல விரிதாளை அழிக்கலாகாது. சூத்திரங்கள் அதில்தான் இருக்கின்றன. மாற்றிய பின் நான்கு சோதனைகள் செய்ய வேண்டும். குறுக்கு வரிகளை இரண்டிலும் எண்ணுக. முதல் மாணவி, கடைசி மாணவி, நடுவில் ஒருத்தி என மூவரின் விவரங்களை ஒப்பிடுக. தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே இருக்கின்றனவா என்று பார்க்க. சுழியத்தில் தொடங்கும் எண்களையும் நீண்ட எண்களையும் தனியே நோக்குக. இந்த நான்கையும் எக்ஸெலில் அன்றி, நோட்பேட் போன்ற எளிய மென்பொருளில் திறந்து செய்ய வேண்டும். கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அதுவே மறைக்காமல் காட்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? முப்பது ஆண்டுகள் கழித்து, பேரிளம் பெண்ணாகிய ஒருத்தி தன் படிப்புச் சான்று தேடி இப்பள்ளி வாயிலுக்கு வருவாள். அன்று எந்த நிறுவனத்தின் மென்பொருள் உலகை ஆளும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எழுத்துகளைக் காட்டத் தெரிந்த கருவி ஏதேனும் ஒன்று அன்றும் இருக்கும். அதில் அவளுடைய பெயர் தமிழில், பிழையின்றி, காற்புள்ளிக்கு இப்பால் தெளிவாக நிற்க வேண்டும்.

மாணவிகளே! ஏட்டில் காற்புள்ளி இடும்போது இனி அதனைச் சற்று மதிப்போடு நோக்குங்கள். கோப்பை மாற்றியதோடு எழுந்துவிடாமல், ஒருமுறை திறந்து, எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அந்த ஐந்து நிமிடங்களில் நீங்கள் காப்பது ஒரு தோழியின் பெயராகவும் இருக்கலாம்.